விஞ்ஞானக் கதை எழுதும் வித்தை

தமிழில் விஞ்ஞானக் கதை எழுத விரும்பும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமே. ஆனால் பத்திரிகைக் காரியாலயத்துக்கு வந்து சேரும் கதைகளைப் பிரித்துப் பார்க்கும்போது அந்தச் சந்தோஷம் வெகு நேரம் நீடிப்பதில்லை. ஓர் ஆகாயக் கப்பல் செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்படுகிறது. அதை ஓட்டுகிறவர் பெயர் காப்டன் ஜான். நடுவில் ஓர் யந்திர மனிதன் கலகம் செய்கிறான். கடைசிப் பாராவில் எல்லாம் கனவு என்று தெரிகிறது. எழுதியவரின் விலாசத்தைப் பார்த்தால் மேலூருக்குப் பக்கத்துக் கிராமமாகவோ ஒத்தக்கடையாகவோ இருக்கும். புகையான் விழுந்து கருகிய வயலைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை, தான் ஒருநாளும் பார்த்திராத ஆகாயக் கப்பலின் கதவை வர்ணிப்பதற்கு இரண்டு பக்கம் செலவழித்திருக்கிறது! கதையைத் திருப்பி அனுப்பும்போது நமக்கு வருத்தம் ஏற்படுவது கதைக்காக அல்ல, அந்த வயலுக்காகத்தான்.

ஒத்தக்கடையைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் உள்ள ஊர். பெயரைக் கொண்டு பார்த்தால் ஒரு காலத்தில் ஒற்றைக் கடைதான் இருந்திருக்கும் போலும். இன்று கடைகளுக்குக் குறைவில்லை. ஊரின் அருகே, படுத்திருக்கும் யானையைப் போல் யானைமலை கிடக்கிறது. மலையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளின் குடைவரைக் கோயில். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் மந்திரி மாறன்காரி தொடங்கிய அக்கோயிலை, அவன் காலமான பிறகு தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தான் என்று கல்வெட்டுச் சொல்கிறது. கலியுக வருஷம் 3871 என்று அதில் கணக்கிட்டு வெட்டியிருப்பதால், அது கி.பி. 770 என்று திட்டமாகத் தெரிகிறது. பாண்டியர் சரித்திரத்தின் வருஷக் கணக்குக்கே அது ஒரு முளைக்குச்சி. அதே மலையடியில் 1965 முதல் விவசாயக் கல்லூரி நடந்து வருகிறது. சற்றுத் தள்ளி, உலகனேரியில், 2004 முதல் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை இயங்குகிறது. ஆயிரத்திருநூறு வருஷத்துக் காலக் கணக்கும், நாளைய நெல்லைத் தேடும் ஆராய்ச்சியும், இன்றைய ரிட் மனுவும் ஒரு சைக்கிள் சவாரித் தூரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. விஞ்ஞானக் கதைக்காரன் ஒருவனுக்கு இதைவிட நல்ல இடம் இருக்க முடியுமா என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

விஞ்ஞானக் கதை என்பது என்ன? வருங்காலத்தைப் பற்றிய ஜோசியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜோசியம் பலித்தால் நல்ல கதை, பலிக்காவிட்டால் மோசமான கதை என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. இதை மறுக்க ஒரு பிரெஞ்சுச் சம்பவம் போதும். ஜூல்ஸ் வெர்ன் என்ற புகழ் பெற்ற ஆசிரியர் 1863ல் இருபதாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். குதிரையில்லாத வண்டிகள், மின்சார விளக்குகள், பணமும் யந்திரமும் தவிர வேறொன்றையும் மதியாத ஜனங்கள் எல்லாம் அதில் வருகின்றன. ஜோசியம் பெரும்பாலும் பலித்துவிட்டது. ஆனால் அவருடைய பிரசுரகர்த்தர் ஹெட்ஸெல் அதை வேண்டாமென்று திருப்பிவிட்டார். கையெழுத்துப் பிரதி பெட்டியில் கிடந்து, 1994ல்தான் அச்சேறியது. படித்தவர்களில் பலர் ஜோசியத்தை வியந்தார்கள். கதை மெலிவு என்றும் ஒப்புக்கொண்டார்கள். அதே 1863ல் ஹெட்ஸெல் வெளியிட்டது வெர்னின் ஆகாய பலூன் பிரயாணக் கதையை. ஐந்து வாரம் ஆப்பிரிக்கா மேல் பறக்கும் மூன்று மனிதர்கள், அவர்களுடைய தாகம், பலூனின் கனம், அதைக் குறைக்க அவர்கள் எதையெல்லாம் தூக்கி எறிகிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. அது விற்றது. ஹெட்ஸெல்லின் தீர்ப்பில் குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை.

கோர்ட்டில் பிராது எழுதிப் பழகியவர்களுக்கு விஞ்ஞானக் கதையின் அமைப்புச் சுலபமாக விளங்கும். பிராதில் வழக்குக்கு ஒரு மூலகாரணம் இருக்கும். அதைச் சுற்றித் தேதி, இடம், எல்லை, ரசீது, சாட்சி எல்லாம் ருஜுவுடன் வர வேண்டும். இரண்டு மூலகாரணங்களை ஒன்றோடொன்று கலந்தால் எதிர்க்கட்சி வக்கீல் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். விஞ்ஞானக் கதையிலும் வாசகன் ஒரே ஒரு பொய்யை மன்னிப்பான். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மெய்யாக இருக்க வேண்டும். ஹெச். ஜி. வெல்ஸ் 1933ல் தம் கதைகளுக்கு எழுதிய முன்னுரையில் ஏறக்குறைய இதையே கூறியிருக்கிறார். நடக்க முடியாத ஒன்றை வாசகன் ஒப்புக்கொள்ளச் செய்த பிறகு, மிச்சத்தைச் சாதாரண மனிதர் வீட்டுச் சங்கதியாக நடத்த வேண்டும் என்பது அவர் கருத்து. எதுவும் நடக்கலாம் என்று விட்டுவிட்டால், எதிலும் ருசியிராது.

வெல்ஸ் இந்தப் பாடத்தை ஒரே நாளில் கற்கவில்லை. 1888ல் தாம் படித்த விஞ்ஞானப் பள்ளியின் மாணவர் பத்திரிகையில் காலப் பிரயாணத்தைப் பற்றி ஒரு கதை தொடங்கினார். அதன் நாயகன் விநோதமான பெயருடைய, விநோதமான நடத்தையுடைய ஒரு விஞ்ஞானி. வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்து கிராமவாசிகளைப் பயமுறுத்துகிறான். கதை பாதியில் நின்றது. பிறகு ஏழு வருஷம் அதைத் திரும்பத் திரும்ப எழுதினார். 1895ல் வெளிவந்த புத்தகத்தில் அந்த விநோத மனிதன் இல்லை. பெயர் கூடச் சொல்லப்படாத ஒருவர் தம் வீட்டில் விருந்து முடிந்து நண்பர்களோடு பேசிக் கொண்டிருக்கிறார். வைத்தியர் ஒருவர் சந்தேகப்படுகிறார். பத்திராதிபர் ஒருவர் கேலி செய்கிறார் (நமது ஜாதியை வெல்ஸ் நன்றாக அறிந்திருந்தார்). அந்தச் சந்தேகத்துக்கும் கேலிக்கும் நடுவே காலயந்திரத்தின் மாதிரி மேஜைமேல் வைக்கப்படுகிறது. வாசகன் கேட்க நினைத்ததை வைத்தியரே கேட்டுவிடுகிறபடியால் வாசகன் வாயடைத்துப் போகிறான். கற்பனை ஏழு வருஷத்துக்கு முன்பே இருந்தது. விருந்து மேஜையைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை காலமாயிற்று.

அதே 1895ல் நமது சீமையில் என்ன நடந்தது என்பதையும் நினைவு கூர்வது பொருத்தம். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்து கொண்டிருந்த பெரியாற்றை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி, வைகையில் விட்டார்கள். பென்னிகுயிக்கின் அந்த வேலை முடிந்து தண்ணீர் வந்த பிறகு மேலூர் வரையுள்ள மேட்டு நிலங்கள் நெல் வயல்களாயின. ஒரு நதி தன் திசையை மாற்றிக் கொண்டால் என்ன ஆகும்? விஞ்ஞானக் கதைக்கு இதைவிடச் சிறந்த அநுமானம் வேண்டுமா? நிலத்தின் விலை மாறும், கூலி மாறும், கல்யாணச் சம்பந்தம் கூட மாறும். தண்ணீர் வந்த பக்கத்துப் பெண்ணை வராத பக்கத்தில் கொடுக்கத் தயங்குவார்கள். இத்தனையும் நம் கண்முன் நடந்தும், அதிலிருந்து ஒரு விஞ்ஞானக் கதையை உண்டாக்க நமக்கு யோசனை தோன்றவில்லை. லண்டன்காரர் ஒருவர் எழுதிய காலயந்திரத்தைத்தான் இன்னும் நகல் எடுத்துக் கொண்டிருக்கிறோம்.

இந்தியர்களுக்கு இந்த வித்தை கைவராது என்று சொல்வோரும் உண்டு. அவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. 1896ல் வங்காளத்தில் தலைத் தைலம் தயாரிக்கும் வியாபாரி ஒருவர் கதைப் போட்டி வைத்தார். அவருடைய சரக்கின் பெயர் கதையில் எங்கேனும் வர வேண்டும் என்பது நிபந்தனை. பரிசு பெற்ற கதையை எழுதியவர் ஜகதீச சந்திர வஸு! கல்கத்தாவை நோக்கிப் புயல் வருகிறதென்று எச்சரிக்கை பிறக்கிறது; புயல் வரவில்லை; விஞ்ஞானிகள் காரணம் தெரியாமல் விழிக்கிறார்கள். கப்பலில் சென்ற ஒருவர் கொந்தளிக்கும் கடலில் ஒரு புட்டி தைலத்தைக் கொட்டியதுதான் காரணம் என்று பிறகு தெரிகிறது. எண்ணெய் அலையை அடக்கும் என்பது மெய்யான சாஸ்திர விஷயம். ஒரு புட்டித் தைலம் புயலையே அடக்கியது என்பதுதான் அவர் சொன்ன ஒரே பொய். விளம்பரக்காரரின் நிபந்தனையையே கதையின் அச்சாணியாக்கிவிட்ட சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். பத்திரிகையின் நிபந்தனைகள் கற்பனையை நெரிக்கின்றன என்று குறைப்படும் எழுத்தாளர்கள் இந்தத் தைலக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

நமது சென்னைக்கும் இதில் பங்குண்டு. கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய இங்கிலீஷ் மாதர் பத்திரிகையில் 1905ல் பேகம் ரொக்கையா எழுதிய சுல்தானாவின் கனவு வெளிவந்தது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டு, பெண்கள் ஊரை ஆள்கிறார்கள் என்பது அவர் செய்த ஒரே மாற்றம். மேகத்திலிருந்து குழாய் வழியே நீர் இறக்குவதும் சூரியனின் வெப்பத்தைச் சேமிப்பதும் அதன்பின் வருகின்றன. இதுவும் கனவாகத்தான் முடிகிறது. ஆனால் அதற்குள் கோஷா முறையைப் பற்றி ஒரு கேள்வியை வாசகர் நெஞ்சில் தைத்துவிடுகிறார் அம்மையார்.

தமிழில் முதல் சங்கடம் சொல்லாயிருந்தது. ராஜாஜி 1916ல் சேலத்தில் நண்பர்களுடன் சாஸ்திரச் சொற்களுக்காகச் சங்கம் அமைத்தார். அடுத்த வருஷம் பெ. நா. அப்புஸ்வாமி தமிழில் விஞ்ஞானம் எழுதத் தொடங்கி, 1986ல் காலமாகும் வரையில் அந்தத் தொண்டை விடவில்லை. இருவரும் வக்கீல்கள் என்பதை நமது தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். புதுமைப்பித்தன் மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் கதையைப் ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் தமிழாக்கினார். இவர்கள் போட்ட பாதையில் கடைசியில் வந்து சேர்ந்தவர்தான் சுஜாதா.

சுஜாதா என்ற ரங்கராஜனைப் பற்றி விவரமாகப் பேசினால் தவறில்லை. ஏனெனில் பிரசுரமாகும் விஞ்ஞானக் கதைக்குத் தமிழில் அவரே பள்ளிக்கூடம். 1935ல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சியில் பௌதிகமும் குரோம்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸும் படித்து, பங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இஞ்சினீயராக இருந்தவர். ஓட்டுப் போடும் மின்னணு யந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்குப் பங்குண்டு. அப்படிப்பட்டவர் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில், சர்வாதிகாரி ஒருவனின் கீழ் வாழும் இந்தியாவைக் கற்பனை செய்தார். அந்தத் தேசத்தில் குழந்தை பெற்றுக் கொள்ள சர்க்கார் அநுமதி வேண்டும். நிலா என்ற பெண் அதற்காகக் காத்திருக்கிறாள். கதை இங்கேதான் தொடங்குகிறது. சட்டத்தை விளக்கி அவர் பிரசங்கம் செய்யவில்லை. சட்டம் ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறதென்று காட்டிவிடுகிறார். ஜீனோ என்ற யந்திர நாய்க்குட்டி வருகிறது. அது புத்தகம் படிக்கிறது, வேடிக்கையாகப் பேசுகிறது, மெல்ல மெல்லத் தானாக யோசிக்கத் தொடங்குகிறது. யந்திரம் யோசிப்பதைப் பற்றி அவர் தனிக் கட்டுரை எழுதியிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? நாய்க்குட்டியை லட்சக்கணக்கானவர்கள் நேசித்தார்கள். கதை நடப்பதாக அவர் குறித்த வருஷங்கள் வந்து கடந்தும் போய்விட்டன. சர்வாதிகாரி ஜீவா வரவில்லை. ஆனாலும் புத்தகத்தை ஜனங்கள் வாங்கிக் கொண்டுதான் இருக்கிறார்கள். ஜோசியத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு இது நமது சாட்சி.

சுஜாதாவிடம் கற்கத்தக்க மற்றொன்று சிக்கனம். கலைச்சொல் வந்தால் அதை நிறுத்தி விளக்குவதில்லை. பாத்திரம் அதைக் கையில் எடுத்து உபயோகிக்கிறது. வாசகன் பார்த்துத் தெரிந்து கொள்கிறான். வயல் மோட்டாரை ‘நீரிறைக்கும் மின்விசைப் பொறி’ என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. கதைக்காரனும் சொல்ல வேண்டாம். ஆனால் சுஜாதாவைப் பின்பற்றியவர்களில் பலர் அவருடைய சுறுசுறுப்பான நடையை மட்டும் எடுத்துக் கொண்டு, அநுமானத்தின் கண்டிப்பை விட்டுவிட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். அந்த வழியிலிருந்து விலகி, சித்த வைத்தியம் முதலான நம் நாட்டு ஞானமரபுகளையே அநுமானமாகக் கொண்டு ‘விசும்பு’ தொகுதியில் கதைகள் எழுதியவர் ஜெயமோகன். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது இளைஞர்களுக்கு நல்ல பயிற்சி.

இனி ஒத்தக்கடைக்கே திரும்பி, ஒரு கதையை எப்படிக் கட்டலாம் என்று பார்ப்போம். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆயினும் நெற்பயிர் அதை நேரே உண்ண முடியாது. ஆகையால் யூரியா போடுகிறோம். உளுந்துக்கு அந்தக் கஷ்டமில்லை. அதன் வேர் முடிச்சுகளில் வசிக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்தே உரம் செய்து கொடுக்கிறது. இந்தச் சக்தியை நெல்லுக்கும் கொடுக்க உலகில் பல சோதனைச்சாலைகள் முயன்று வருகின்றன, இன்னும் கைகூடவில்லை. கைகூடிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். யானைமலை அடிவாரத்தில் ஒரு பாத்தியில் யூரியா இல்லாமலே நெல் பச்சையாக நிற்கிறது. இதுதான் நமக்கு அநுமதிக்கப்பட்ட ஒரு பொய்.

இனிமேல் எல்லாம் மெய்யாக நடக்க வேண்டும். நைட்ரஜனைப் பிரிக்கப் பயிர் தன் சக்தியில் பெரும் பங்கைச் செலவிட வேண்டும். ஆகவே உரச் செலவு மிச்சமானாலும் மணி குறையக்கூடும். எவ்வளவு குறையும் என்று ஆசிரியர் தீர்மானித்து, கடைசி வரை அதை மாற்றாமலிருக்க வேண்டும். சிறு விவசாயி ஒருவர் இதில் லாபமடைவாரா, நஷ்டமடைவாரா? உரக்கடை வைத்திருப்பவர் கதி என்ன? அவர் கொடுத்த கடனில் படித்த பையன்தானே அந்த நெல்லைக் கண்டுபிடித்தது என்று வைத்தால், அங்கே கதைக்கு உயிர் வந்துவிடுகிறது. வயலில் களையாக வளரும் காட்டு நெல் பயிர்நெல்லோடு கலந்து இனமாறும் என்பது விவசாயிகள் அறிந்ததே. களைக்கும் இலவச உரம் கிடைத்துவிட்டால்? அடுத்தது வழக்கு. 2001ம் வருஷத்துத் தாவர ரகங்கள் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக் கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பதிவு பெற்ற ரகத்தை முத்திரையிட்ட விதையாக விற்கக்கூடாது. 2019ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள்மீது ஒரு பெரிய கம்பெனி வழக்குத் தொடுத்து, எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் வாங்கியது நேயர்களுக்கு நினைவிருக்கும். நமது நெல் வழக்கு உலகனேரியில் விசாரணைக்கு வருகிறது. காற்றில் பறந்து வந்த மகரந்தத்துக்குப் பிரதிவாதி பொறுப்பாளியா? இந்தக் கேள்விக்கு நமக்கே விடை தெரியவில்லை. ஆகையால்தான் கதையைப் படிக்க ஆசையாக இருக்கிறது.

நாளை அந்த நெல் மெய்யாகவே வந்து சேரலாம். அதன் விதை யாருடையது, களை யாருடையது, கடன் யாருடையது என்று நாம் யோசிக்கத் தொடங்குமுன், வேறொரு தேசத்தார் தங்கள் வயலுக்காக யோசித்து எழுதிய சட்டம் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். பெரியாற்று விஷயத்தில் 1886ல் கையெழுத்தான குத்தகை ஒப்பந்தம் 999 வருஷத்துக்கு! அத்தனை நீண்ட வருங்காலத்தை ஒரு பத்திரத்தில் அடைத்தவர்கள், அதன் பலன்களை ஒரு கதையாகவேனும் நடத்திப் பார்த்திருந்தால் பின்னால் வந்த வக்கீல்களுக்கு வேலை குறைந்திருக்குமோ என்னவோ.

எழுதிய கதையை என்ன செய்வது? அமெரிக்க ஆசிரியர் ஹைன்லைன் 1947ல் ஐந்து விதிகள் சொன்னார். எழுத வேண்டும், தொடங்கியதை முடிக்க வேண்டும், பத்திராதிபர் கேட்டாலொழியத் திருத்தி எழுதக்கூடாது, பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும், விற்கும்வரை அனுப்பிக் கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது விதியைத் தவிர மற்ற நான்கும் தமிழருக்குப் பொருந்தும். அந்த மூன்றாவதை வெல்ஸின் ஏழு வருஷம் தள்ளுபடி செய்துவிடுகிறது.

பெயர் இல்லாதவன் கதையைப் பத்திரிகைகள் படிப்பதில்லை என்ற புகார் அடிக்கடி வருகிறது. வானசாஸ்திரி ஜயந்த் நார்லிகர் இதற்கு நேர்மாறாகப் பயந்தார். தம் பெயருக்காகவே பரிசு கொடுத்துவிடுவார்களோ என்பது அவர் கவலை. 1974ல் மராட்டி விஞ்ஞான பரிஷத் வைத்த போட்டிக்கு, கருந்துளையைப் பற்றிய கதையை, தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தலைகீழாக்கி நாராயண் விநாயக் ஜகதாப் என்ற புனைபெயரில் அனுப்பினார். கையெழுத்தைக் கண்டுகொள்ளக் கூடாதென்று மனைவியைக் கொண்டு நகல் எழுதுவித்தார். முதற் பரிசு ஜகதாபுக்குக் கிடைத்தது. தமிழிலும் 2019ல் ‘அரூ’ என்ற இதழ் விஞ்ஞானச் சிறுகதைக்கென்றே போட்டி நடத்தியது. வாசலே இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை.

ஒற்றைக் கடையில் படித்து உருவானவர் ஒருவரும் இருக்கிறார். ஐசக் அஸிமோவின் தகப்பனார் நியூயார்க்கின் புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். அங்கே விற்பனைக்கு வந்த விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளைப் படித்தே பையன் வளர்ந்தான். 1938 ஜூனில், பதினெட்டு வயதில், முதற் கதையை எடுத்துக் கொண்டு காம்பெல் என்ற பத்திராதிபரை நேரில் போய்ப் பார்த்தான். காம்பெல் மரியாதையாகப் பேசி அனுப்பி, இரண்டொரு நாளில் கதையின் குறைகளை விவரித்துக் கடிதத்தோடு திருப்பிவிட்டார். பையன் அடுத்த கதையை எழுதினான், அதுவும் திரும்பிற்று. 1939 மார்ச் இதழில் வேறொரு பத்திரிகை அவன் கதையை முதல்முதலாக வெளியிட்டது. காம்பெலுக்கும் அவன் விடாமல் அனுப்பிக் கொண்டே இருந்தான். அவரும் பிற்பாடு வாங்கத் தொடங்கினார்.

அந்த நெல்லின் கதையை ஒத்தக்கடைப் பக்கத்து இளைஞர் எவரேனும் எழுதினால், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி அனுப்பட்டும். உரக்கடைக்காரர் முதற் பக்கத்திலேயே வந்துவிடட்டும்.